இரண்டு முறை கேஸ் நிரப்பினோம், பழுது இருந்தது சென்சாரில்

எங்கள் வீட்டு ஏசி 2018 ஏப்ரலில் வாங்கியது. ஒன்றரை டன், இன்வெர்ட்டர் ஸ்பிளிட். திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய வீடு. அம்மாவின் அறையில் மாட்டியிருக்கிறோம். முதல் ஐந்து கோடைகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி மாட்டுவேன். உப்புக் காற்றில் அவுட்டோர் யூனிட்டின் தகடு துருப்பிடித்தது, அவ்வளவுதான்.

2023 மே மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. போட்டவுடன் நன்றாகக் குளிரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே கம்ப்ரசர் சத்தம் அடங்கிவிடும்; உள்ளே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சற்று நேரம் கழித்துக் கம்ப்ரசர் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். ரிமோட்டில் 24 வைத்தாலும் அறை 29-க்குக் கீழே இறங்காது. திரையில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. இரவில் இரண்டு மணிக்கு அம்மா எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் கேட்கவில்லை.

முதலில் வந்த மெக்கானிக் பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் குறைந்திருக்கிறது சார்" என்றார். 2,800 ரூபாய். மறுநாளே பழைய கதை. ஜூனில் வேறொருவரை அழைத்தோம். அவரும் கேஸ் என்றார். ஆனால், இருந்ததை முழுவதும் எடுத்துவிட்டு, எடை போட்டு, யூனிட்டின் தகட்டில் அச்சிட்டிருந்த அளவுக்கு ஆர்32 என்ற குளிர்விக்கும் கேஸை நிரப்பினார். இன்னொரு 3,500 ரூபாய். அன்று மாலையே கம்ப்ரசர் பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றது.

ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வதுபோல ஏசியில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் காட்டாமல் கேஸ் போடச் சொல்பவரிடம் இனிமேல் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

அளவுப்படி கேஸ் நிரப்பியும் பழுது அப்படியே இருந்ததால், நானே உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். கம்ப்ரசர் நிற்பதற்குச் சற்று முன், குளிர்காற்று வெளிவரும் கிரில்லில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தேன். 17 டிகிரி. அறையில் 31. பதினான்கு டிகிரி இறக்குகிற இயந்திரத்துக்குக் குளிர்விக்கும் திறன் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்து, காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுப்பான காயிலைப் பார்த்தேன். எங்கும் பனி படியவில்லை. கேஸ் குறைந்திருந்தால் காயிலின் ஒரு பகுதியிலாவது வெள்ளையாகப் படிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் சென்சார் பக்கம் திரும்பியது.

இன்டோர் யூனிட்டில் பொதுவாக இரண்டு வெப்பநிலை சென்சார்கள் உண்டு. ஒன்று அறைக் காற்றை அளப்பது. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும். மற்றொன்று காயிலின் செம்புக் குழாயோடு ஒட்டிய சிறு உறைக்குள் செருகியிருக்கும். காயில் உறையும் நிலைக்குப் போகிறது என்று இந்த இரண்டாவது சென்சார் சொன்னால், ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான போர்டு கம்ப்ரசரின் வேகத்தைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். இரண்டும் தெர்மிஸ்டர்கள். சூடு ஏற ஏற அவற்றின் மின்தடை குறையும். எங்கள் ஏசியில் இரண்டுமே 25 டிகிரியில் 10 கிலோ ஓம் வகை.

ஏசிக்கு மின்சாரம் வரும் எம்சிபி ஸ்விட்சை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். இதில் அவசரம் கூடாது. சில போர்டுகளில் சென்சார் ஒயரிலும் மின்னழுத்தம் இருக்கும். பிறகு கனெக்டர்களைப் பிடுங்கி மல்டிமீட்டரில் 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். அறை சென்சார் 7.7 கிலோ ஓம். அது 31 டிகிரிக்குச் சரியான கணக்கு. காயில் சென்சார் 14.4! இரவு முழுவதும் அணைந்து கிடந்த இயந்திரம். இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்க வேண்டும். 14.4 என்றால் 17 டிகிரி. காயில் உண்மையில் 12 டிகிரியில் இருக்கும்போதே, பனி உறைகிறது என்று அந்தச் சென்சார் போர்டிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கனெக்டர் பின்களில் பச்சை பிடித்திருந்தது. அதுதான் காரணமோ என்று துடைத்து மீண்டும் அளந்தேன். மாற்றமில்லை. கடைசியாக, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் சென்சார் முனையை அமிழ்த்தினேன். நல்ல சென்சார் 33 அளவில் நிற்க வேண்டும். இது 60-ஐத் தாண்டியது (மீட்டரை 200 அளவுக்கு மாற்றினால்தான் தெரியும்). ஏசி ஓடும்போதெல்லாம் நனைந்து, அணைத்ததும் காய்ந்து, ஐந்து வருடம் அப்படியே கிடந்ததில் முனையின் பூச்சு விரிசல் விட்டிருந்தது.

ஒயர் அறுந்தாலோ ஒன்றோடொன்று ஒட்டினாலோ திரையில் குறியீடு வரும். அளவு மெல்ல விலகினால் வராது. போர்டு அதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறது. எந்தச் சூட்டில் எவ்வளவு மின்தடை என்று காட்டும் அட்டவணையைத் தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரைப் பக்கம் போதும்.

மாற்று சென்சாருக்கு 220 ரூபாய் ஆனது. 5, 15, 20 கிலோ ஓம் வகைகளும் கடைகளில் இருப்பதால், பழையதைக் கையோடு எடுத்துப்போய், மாடல் எண்ணைச் சொல்லி வாங்கினேன். முனையை உறைக்குள் அடிவரை தள்ளி, பழைய கிளிப்பையே போட்டேன். அன்றிரவு கம்ப்ரசர் நிற்கவில்லை. வேகம் குறைந்து மெல்லிய இரைச்சலோடு ஓடிக்கொண்டே இருந்தது. இன்வெர்ட்டர் ஏசி அப்படித்தான் ஓட வேண்டும். காலையில் அம்மா, "ராத்திரி போர்வை தேடினேன்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. ஒவ்வொரு மார்ச்சிலும் ஏசியைப் போடுவதற்கு முன் இரண்டு சென்சாரையும் அளந்து, எம்சிபி பெட்டிக் கதவின் உட்புறத்தில் தேதியோடு எழுதி வைக்கிறேன். கடைசியாக எழுதியது 30 டிகிரியில் 8.0, 8.1.