மார்பில் 138, மணிக்கட்டில் 112: அரசு பொது மருத்துவமனையில் என் தம்பி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புளியந்தோப்பை விட்டு வடிவதற்குள் என் தம்பி மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நடந்துவிட்டான். அச்சகத்தில் நனைந்துபோன காகிதக் கட்டுகளை வெளியேற்றும் வேலை. குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தண்ணீரில் நடந்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காய்ச்சல் கண்ட நான்காம் நாள் பீளை இல்லாமலே கண்கள் சிவந்தன. கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினான். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நான் எழுத வந்தது அங்கே கிடைத்த கவனிப்பைப் பற்றித்தான்.

பயிற்சி மருத்துவர் கெண்டைக்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "வெள்ளத்தில் நடந்தீர்களா? காலில் புண் உண்டா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லி, இரத்தம் எடுத்த கையோடு இ.சி.ஜி.யும் எடுக்கச் சொன்னார். தம்பிக்கு நெஞ்சுவலி இல்லை. படபடப்பு என்றுகூடச் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு எதற்கு இ.சி.ஜி. என்று கேட்டேன். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாக ஏறும் லெப்டோஸ்பைரா கிருமி கல்லீரலோடும் சிறுநீரகத்தோடும் நிற்பதில்லை, இதயத் தசையையும் தாக்கும், சிலருக்கு அது இ.சி.ஜி.யில் மட்டுமே தெரியும் என்றார். அவ்வளவு நெரிசலிலும் நின்று சொன்னார்.

தாளில் துடிப்புகள் ஒன்று நெருங்கியும் ஒன்று விலகியும் விழுந்திருந்தன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

அன்றிரவு பார்த்ததை மறக்க மாட்டேன். ஒரு சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தார்; இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரே கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் இருவரும் வாய்க்குள் எண்ணினார்கள். மார்பில் 138, மணிக்கட்டில் 112. மீதி 26 துடிப்புகள் கைவரை எட்டும் அளவுக்கு இரத்தத்தைத் தள்ளவில்லையாம். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் கணக்கு இப்படிப்பட்ட நாடிக்கு ஆகாது என்றார் மூத்த சிஸ்டர். ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களையும் அட்டையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து 2.9 தான் இருந்தது. இந்தக் காய்ச்சலில் சிறுநீரகம் அதை வெளியே விட்டுவிடுமாம். குறையக் குறையத் துடிப்பு மேலும் தடுமாறும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பென்சிலின், கூடவே பொட்டாசியம் டிரிப்ஸ். கை எரிகிறது என்று அவன் முனகியதும் சிஸ்டர் வேகத்தைக் குறைத்து, எரிச்சல் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் வாங்கிப்போன இளநீரை மட்டும் அனுமதிக்கவில்லை. சிறுநீரகம் மோசமானால் பொட்டாசியம் ஏறவும் கூடும், பரிசோதனை பார்த்துத்தான் எதையும் தரலாம் என்றார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலை மார்பிலும் 88, மணிக்கட்டிலும் 88. மறுபடி ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார்கள்.

படுக்கைக்கோ மருந்துக்கோ ஒரு ரூபாய் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி மீண்டும் இ.சி.ஜி. எடுத்தார்கள். பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து மருத்துவர் காட்டினார். கீழே இருந்ததில் துடிப்புகள், தையல் இயந்திரம் போட்ட தையல் போல, சம இடைவெளியில் இருந்தன.