டைமிங் பெல்ட் கிட்: பெல்ட்டைவிட டென்ஷனருக்கே கூடுதல் மதிப்பெண்

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைத்து ஒத்திசைவாகச் சுழலவைக்கும் டைமிங் பெல்ட்டை என் காரில் வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தபோது, பெல்ட்டை மட்டும் வாங்காமல், அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர், அதன் பாதையைத் தாங்கும் ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப் மூன்றும் சேர்ந்து வரும் கிட்டையே வாங்கினேன். வண்டி 90,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பழைய பெல்ட்டில் விரிசலோ பிசிறோ கண்ணில் படவில்லை என்றாலும், அதை நம்பி ஓட்ட மனம் வரவில்லை. ரப்பருக்குள் இருக்கும் கண்ணாடியிழைகள் தளர்ந்திருப்பது வெளியே தெரியாது, அறுவதற்கு முன் இந்தப் பெல்ட் பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிப்பதும் இல்லை. பெல்ட் அறுந்தால் திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும் வகையைச் சேர்ந்தது என் எஞ்சின்.

பெட்டியில் வந்த பெல்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பற்களின் எண்ணிக்கையும் அகலமும் பழையதோடு ஒத்திருந்தன. மடிப்பு விழாமல் வளையமாகவே வைத்து அனுப்பியிருந்தார்கள். அது முக்கியம், ஏனெனில் ஒருமுறை கூர்மையாக மடிந்த பெல்ட்டை எஞ்சினில் பூட்டக் கூடாது.

டென்ஷனரில்தான் கொடுத்த பணத்தின் அருமை தெரிந்தது. கழற்றிய பழைய டென்ஷனரைக் காதருகே வைத்து விரலால் சுழற்றியபோது, உள்ளே மணல் புகுந்ததைப் போலக் கரகரவென்று ஒலித்தது. புதியதோ பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருக்கும் மெல்லிய இறுக்கத்துடன், தள்ளிவிட்டதும் ஓசையின்றிச் சிறிது சுழன்று நின்றது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பழைய பேரிங்கை விட்டிருந்தால், அது இறுகும் நாளில் புதுப் பெல்ட்டும் அதோடு சேர்ந்து போயிருக்கும். வாட்டர் பம்ப்பும் அப்படியே: பழைய பம்ப்பின் கசிவுத் துளையைச் சுற்றி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் காய்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காகப் படிந்திருந்ததை, கவரைத் திறந்த பிறகே பார்த்தேன். என் எஞ்சினில் பம்ப்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட் என்பதால், பிறகு பம்ப் மட்டும் கெட்டாலும் எஞ்சின் மவுன்ட் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

குறைகளும் உண்டு. டென்ஷனர் போல்ட்டை மறுமுறை பயன்படுத்தாமல் புதிதாகவே போட வேண்டும் என்று என் காரின் சர்வீஸ் கையேடு சொல்கிறது. கிட்டில் அந்தப் போல்ட் இல்லை. பம்ப்புக்குக் கேஸ்கெட் வைத்தவர்கள் போல்ட்டையும் வைத்திருக்கலாம். உடன் வந்த தாளில் நகத்தளவு படங்கள் நான்கு இருந்தனவே தவிர, எந்தப் போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும் என்ற ஒரு எண்கூட இல்லை. சர்வீஸ் கையேடு கையில் இல்லாதவர் அந்தத் தாளை நம்பி ஸ்பேனரை எடுப்பது ஆபத்து.

என் கைப்பிழை ஒன்றையும் கிட்டின் கணக்கில் எழுதாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராங்க், கேம் பற்சக்கரங்களில் உள்ள குறிகளை நேராகப் பொருத்தி, பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை முறுக்கிய பிறகு, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும் என்பதால், அப்போதுதான் எல்லாக் குறிகளும் மீண்டும் நேருக்கு நேர் வரும். கேமின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட்டைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்காமல் மாட்டியதே காரணம். மீண்டும் தளர்த்தி, கேமைப் பூட்டும் ஊசியைச் செருகி, கிராங்க்கில் தொடங்கி வரிசையாக மாட்டியதும் சரியானது. அந்த இரண்டு சுற்றைத் தவிர்த்துவிட்டு நேரே சாவியைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பூட்டி 4,000 கிலோமீட்டர் ஓடிய பின் மேல் கவரைத் திறந்து பார்த்தேன். டென்ஷனரின் முள் உரிய பள்ளத்துக்கு நேராகவே நிற்கிறது, பம்ப்பின் அடியில் ஈரமில்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போல்ட்டுக்கும் தாளுக்கும் சேர்த்து ஒன்று குறைவு. வாங்குபவர்கள் டென்ஷனர் போல்ட்டையும், கிராங்க் புல்லியைப் பிடிக்கும் போல்ட்டையும், எண்ணெய் கசிந்திருந்தால் ஆயில் சீலையும் முன்கூட்டியே தனியாக வாங்கி வைத்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள். வண்டியை ஜாக்கியில் நிறுத்திவிட்டு ஒரு போல்ட்டுக்காக நான் இரண்டு நாள் காத்திருந்தேன்.