குவாபின் நீர்த்தேக்கம்: காட்டையே வடிகட்டியாக நம்பும் ஒரு துறை

பாஸ்டன் வட்டாரத்தில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர், மேற்கே சுமார் 65 மைல் தொலைவிலுள்ள குவாபின் நீர்த்தேக்கத்தில் தொடங்குகிறது. பல ஆண்டுகளாக அதைக் குடித்துவந்தும் ஊற்றிடத்தைப் பார்த்ததில்லை என்பது உறுத்தியதால், சென்ற அக்டோபரில் ஒரு முழு நாளை அங்கே கழித்தேன்.

இந்த நிலத்தைப் பராமரிப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இயற்கைவளப் பாதுகாப்பு, பொழுதுபோக்குத் துறை. பாஸ்டன் பெருநகரப் பூங்காக்களையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் கவனித்த ஆணையமும், மாநிலக் காடுகளைக் கவனித்த துறையும் 2003-இல் இணைந்து உருவானது. தண்ணீரைச் சுத்திகரித்து ஊர்களுக்கு அனுப்புவது தனியொரு நீர்வள ஆணையத்தின் வேலை. அத்தண்ணீர் அழுக்காகாமல் காப்பது இத்துறையின் வேலை.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பது, இத்தண்ணீருக்கு வடிகட்டும் ஆலையே இல்லை என்று அறியும்போதுதான் புரிகிறது. ஓசோனாலும் புற ஊதா ஒளியாலும் கிருமி நீக்குகிறார்கள்; மற்றபடி, மழைநீரைத் தாங்கி, மண்ணில் இறக்கி, தெளியவைத்து ஏரிக்கு அனுப்புவது சுற்றியுள்ள காடுதான். அதனால்தான் நீந்தக்கூடாது, நாய்களை அழைத்து வரக்கூடாது, வெளியிலிருந்து படகு கொண்டுவந்தால் அயல் உயிரினங்கள் ஒட்டியிராதபடி தூய்மைப்படுத்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். பூங்கா என்று நினைத்து வருகிறவருக்கு இவை கெடுபிடியாகத் தோன்றலாம். இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்றுகூட அதிகமாகப் படவில்லை.

நான் அதிக நேரம் இருந்தது டேனா ஊர்த்திடலில். பீட்டர்ஷாம் அருகே 40-ஆம் எண் வாயிலில் காரை நிறுத்திவிட்டு, பழைய சாலையில் ஏறத்தாழ இரண்டு மைல் நடக்க வேண்டும். ஏரிக்காக 1938 ஏப்ரலில் சட்டப்படி கலைக்கப்பட்ட நான்கு ஊர்களில் டேனாவும் ஒன்று. என்ஃபீல்டு, கிரீனிச், பிரெஸ்காட் மற்ற மூன்று. திடல் நீரில் மூழ்கவில்லை. கருங்கல் அடுக்கிய நிலவறைக் குழிகள் இன்றும் புல்லுக்கு நடுவே திறந்து கிடக்கின்றன. ஒன்றின் உள்ளே இறங்கும் கற்படிகள் மேப்பிள் சருகு மூடிக் கிடந்தன. வீட்டையும் வாழ்க்கைமுறையையும் விட்டுக்கொடுத்தவர்களை நினைவுகூரும் கல் ஒன்று அங்கே நிற்கிறது. ஏறத்தாழ 2,500 பேர் வெளியேறினார்கள். கல்லறைகளில் இருந்தவர்களைக்கூட எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். இந்தத் திடலைப் புதர் மண்டவிடாமல் துறை பேணுவதை அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதையாகவே பார்க்கிறேன்.

காட்டில் துறை மரம் வெட்டுவது பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எல்லா மரமும் ஒரே வயதில் இருந்தால் 1938-இல் வீசியதைப் போன்ற ஒரு புயலில் மொத்தமாகச் சாயும், ஆகவே இளங்கன்றுகளுக்கு இடம் வேண்டும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் பொதுமக்களின் எதிர்ப்பால் 2010-இல் வெட்டு நிறுத்திவைக்கப்பட்டு, ஆய்வுக்குப் பிறகே மீண்டும் தொடங்கியது. எந்தப் பகுதியில், எதற்காக, எத்தனை மரம் என்பதை ஒவ்வொரு வாயிலிலும் எழுதி வைத்தால் சந்தேகம் பெரிதும் குறையும்.

நடக்க நினைப்பவர்கள் வீட்டுக் குழாயிலேயே புட்டியை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். வாயிலைத் தாண்டினால் கடை கிடையாது. கால் வலிக்கும் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு, கார் போகும் வின்சர் அணைப்பக்கமும் என்ஃபீல்டு பார்வைமுனையும் ஏற்றவை.