பழைய காமிக்ஸ் இணையத்தில் வாங்குவோருக்கு எச்சரிக்கை: விவரத்தில் எழுதாமல் விட்டதைப் பாருங்கள்

அரிய காமிக்ஸ் இதழ்களை இணையத்தில் வாங்கி ஏமாறுபவர்கள் எல்லோரும் கள்ள அச்சுப் பிரதியால் ஏமாறுவதில்லை. மறுபதிப்பை மூலப் பிரதி என்று நம்பியவர்கள், நடுத்தாள் போன இதழை முழுசு என்று நினைத்தவர்கள், வண்ணம் பூசிய அட்டையைக் கை படாதது என்று வாங்கியவர்கள், இப்படித்தான் பணம் போகிறது. விற்றவர் பொய் என்று எதையும் எழுதியிருக்க மாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருப்பார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்பார்.

ஆகவே பணம் கட்டும் முன் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். போனிலோ வேறு செயலியிலோ வேண்டாம், விற்பனைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். இது முதல் அச்சா? எல்லாப் பக்கங்களும் இருக்கின்றனவா, கூப்பன் எதுவும் வெட்டப்பட்டிருக்கிறதா? நடுத்தாள் இரண்டு ஸ்டேப்பிள் பின்னிலும் பிடித்திருக்கிறதா? அட்டையும் உள்தாள்களும் ஒரே பிரதியைச் சேர்ந்தவையா? வண்ணம் தொடுதல், ஓரம் வெட்டுதல், கிழிசல் ஒட்டுதல், பின் மாற்றுதல் ஏதாவது நடந்திருக்கிறதா? இதற்கு "ஆம்", "இல்லை" என்று வரும் பதில்தான், பிறகு "விவரத்தில் சொன்ன பொருள் இதுவல்ல" என்று புகார் கொடுக்கும்போது உங்கள் கையில் இருக்கும் சாட்சி. "எனக்கு இதைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது, பழைய வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது" என்று பதில் வந்தால், பக்கம் குறைந்த, பழுது பார்த்த இதழ் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். முழு இதழின் விலைக்குத்தான் தருவேன் என்றால் விட்டுவிடுங்கள்.

மறுபதிப்புகளில் பெயர்போன தந்திரம், சூப்பர்மேன் முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழை வைத்து நடப்பது. மூலம் 1938 ஜூன் தேதியிட்டது. 1974இல் அதன் பதிப்பாளரான டிசி நிறுவனமே அதைப் பெரிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. அதற்கு மேலே தடித்த அட்டை ஒன்று உண்டு. அதைப் பிரித்தெடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மூல இதழின் அட்டை போலவே தெரியும். படத்தில் அளவு தெரியாது என்பதுதான் இங்கே விற்பவருக்குச் சாதகம். மூல இதழ் ஏறக்குறைய ஏழே முக்கால் அங்குல அகலம், பத்தேகால் அங்குல உயரம். மறுபதிப்பு பத்து அங்குல அகலம், பதின்மூன்றரை அங்குல உயரம். இதழின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு படம் கேட்டாலே உண்மை வெளிப்பட்டுவிடும்.

அமேசிங் ஸ்பைடர்மேன் முதல் இதழ், ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் போன்றவை 1966இல் இசைத்தட்டோடு சேர்த்து மறுபதிப்பாக விற்கப்பட்டன. அவற்றின் அட்டையில் விலை அச்சிடப்பட்டிருக்காது. மூல இதழில் விலை உண்டு. அட்டையின் அந்த மூலை கிழிந்தோ, ஸ்டிக்கரால் மறைந்தோ, படத்தில் வெட்டுப்பட்டோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். 1977இன் ஸ்டார் வார்ஸ் முதல் இதழில் அரிதானது 35 சென்ட் விலையுள்ள பிரதி. அதில் விலை சதுரக் கட்டத்துக்குள் இருக்கும், பார்கோடும் இருக்கும். விலையும் எண்ணும் வைர வடிவக் கட்டத்துக்குள் இருந்து, தேதியும் பார்கோடும் இல்லையென்றால் அது மறுபதிப்பு. அதே 35 சென்ட்தான் அதிலும் அச்சாகியிருக்கும். விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அண்மைக்கால மார்வெல் இதழ்களில் வேலை சுலபம். பார்கோடின் வலப்பக்கம் தனியாக நிற்கும் ஐந்து இலக்கங்களைப் பாருங்கள். முதல் மூன்றும் இதழ் எண், நான்காவது அட்டை வகை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு என்பது. 00111 என்றால் முதல் இதழ், முதன்மை அட்டை, முதல் அச்சு. 00112 என்றால் இரண்டாம் அச்சு. "ஃபேக்சிமிலி" மறுபதிப்புகள் விளம்பரங்கள் உட்படப் பழைய இதழை அப்படியே நகலெடுத்தவை. ஆனால் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பாளர் குறிப்பில் புதிய ஆண்டும் அந்தச் சொல்லும் இருக்கும். அந்தக் குறிப்பின் படத்தைக் கேட்டால் தராத விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

பக்கக் குறைபாடு இதைவிட மோசம், ஏனென்றால் அட்டையின் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தெரியாது. 1960, 70களின் வழக்கமான இதழ் 32 பக்கம், அதாவது மடித்த 8 தாள். மேலே அட்டை தனி. ஒரு தாள் கழன்று போனால் நான்கு பக்கம் போகும். நடுத்தாள்தான் முதலில் கழலும். நடுவில் விரித்து, இரண்டு பின்னும் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். அப்போதும் இடையில் ஒரு தாள் போயிருக்கலாம் என்பதால், பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டும் வீடியோ கேட்பது நல்லது.

இன்கிரெடிபிள் ஹல்க் 181 (1974) இதற்குத் தனி உதாரணம். வுல்வரின் முழுமையாகத் தோன்றும் முதல் இதழ் என்பதால் விலை அதிகம். அதன் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டியெடுத்துச் சேகரிக்கும்படி மார்வெல் ஒரு முத்திரை அச்சிட்டிருந்தது. அந்தக் காலச் சிறுவர்கள் சொன்னபடி வெட்டிவிட்டார்கள். அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் முத்திரை இல்லாத பிரதிக்கு முழு இதழின் மதிப்பில் பெரும்பகுதி கிடையாது. கடிதப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் இந்த இதழுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கள்ள அச்சும் இல்லாமல் இல்லை. 1984இல் வந்த நிஞ்சா டர்ட்டில்ஸ் முதல் இதழின் முதல் அச்சு சுமார் 3,000 பிரதிகள்தான். அதன் கள்ளப் பிரதிகளில் பின்னட்டையின் நடுவே வெள்ளைக் கீறல் போன்ற பட்டை பதிந்திருப்பது வழக்கம். ஆழ்ந்த கறுப்பாக இருக்க வேண்டிய பகுதி நீலம் கலந்து தெரியும். முன்னட்டையை மட்டும் காட்டும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

பழுது பார்த்த இதழைப் படத்தில் பிடிப்பது கடினம், முடியாததல்ல. அட்டையின் உட்புறத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். மேலே தொட்ட மை உள்ளே கசிந்து தெரியும். இதழின் முதுகில், அதாவது பின் அடித்த மடிப்போரத்தில், பழைய துளையும் இப்போதைய பின்னும் பொருந்தாவிட்டால், துருக்கறை ஓரிடத்திலும் பின் வேறிடத்திலும் இருந்தால், பின்னையோ அட்டையையோ மாற்றியிருக்கிறார்கள். ஓரம் மூன்றும் கத்தி வைத்தது போல நேராக இருந்து, அளவு சற்றுக் குறைந்தால் வெட்டியிருக்கிறார்கள். கையில் வந்தபின் புற ஊதா விளக்கில் பாருங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் பரவலானது 1950களுக்குப் பிறகு. 1940களின் இதழில் ஒரு துண்டு மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது புதுக் காகிதம். பிந்தைய இதழ்களுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது.

"சீல் வைத்த ஸ்லாப் வாங்கினால் கவலையில்லை" என்பதும் முழு உண்மை இல்லை. ஸ்லாப் என்பது தர நிறுவனம் இதழைச் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று தரம் போட்டு மூடித் தரும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை. சிஜிசி போன்ற தர நிறுவனங்களின் உறையில் லேபிளின் நிறம் முக்கியம். நீலம் சாதாரணத் தரம். ஊதா பழுது பார்த்தது. பச்சை, குறிப்பிட்ட குறை ஒன்றோடு தரப்பட்டது. மஞ்சள், நிறுவனத்தின் சாட்சி முன்னிலையில் கையெழுத்திட்டது. ஊதா லேபிளின் 9.0க்கும் நீல லேபிளின் 9.0க்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லேபிள் மங்கலாகவோ நிறம் மாறியோ தெரியும் படத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அது போதாது. உண்மையான எண்ணைக் கள்ள லேபிளில் அச்சிடுவது எளிது. எண் சரியாகவே வரும். தளத்தில் வரும் தரம், பக்க நிறம், லேபிள் வகை, குறிப்புகள் எல்லாமே பொருந்த வேண்டும். ஸ்கேன் படம் இருந்தால் முதுகின் சிறு வெடிப்புகளையும் மூலைகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உறையைத் திறந்து மதிப்புக் குறைந்த பிரதியை உள்ளே வைத்து, உறை மாற்றித் தரும்படி அனுப்பி, பழைய உயர்ந்த தரத்தோடு புது உறை வாங்கிய மோசடி 2023 இறுதியில் அம்பலமானது. சிஜிசியே சந்தேகத்துக்குரிய எண்களின் பட்டியலை வெளியிட்டது. வாங்கப் போகும் எண் அதில் உண்டா என்று பாருங்கள். உறையின் ஓரங்களில் வெள்ளை விரிசல், நெம்பிய தழும்பு இருந்தால் வேண்டாம். 9.8 என்று லேபிள் சொல்லி, அட்டையில் மடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் கண்ணை நம்புங்கள்.

கையெழுத்து விஷயத்தில் சுருக்கமாக: முன்பின் கேள்விப்படாத பெயரில் அச்சிட்ட சான்றிதழ் வெறும் காகிதம்தான். ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டேன் லீ 2018 நவம்பரில் மறைந்தார். அவர் கையெழுத்தோடு அதற்குப் பிறகு அச்சான இதழ் விற்பனைக்கு வந்தால் அதற்கு விளக்கமே தேவையில்லை.

விற்பவரிடம் இதழ் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும் இடங்களும் உண்டு. படத்தை கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய ஏலத்தின் படமாக இருக்கலாம். உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளை இதழோடு வைத்துப் படம் கேளுங்கள். தாளைப் படத்தில் ஒட்டிவிட முடியும் என்பதால், இதழைத் திருப்பிக் காட்டும் சிறு வீடியோதான் உறுதி. ஆயிரம் நல்ல மதிப்பீடு உள்ள கணக்கானாலும் தேதிகளைப் பாருங்கள். பல ஆண்டு மலிவான பொருள்கள் விற்று, நீண்ட காலம் ஓய்ந்து, திடீரென்று விலை உயர்ந்த இதழ்களாக அடுக்கினால், கணக்கு திருடப்பட்டிருக்கலாம்.

பணத்தைத் தளத்துக்கு வெளியே கேட்டால் மறுத்துவிடுங்கள். பேபால் என்ற இணையப் பணச் சேவையில், தெரிந்தவர்களுக்கு அனுப்புவதற்கான "ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி" வழியில் அனுப்பிய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சம், தள்ளுபடி தருகிறேன் என்று விற்பவர் அந்த வழியைக் கேட்பது அதனால்தான். கிரிப்டோ, கிஃப்ட் கார்டு இரண்டுக்கும் இதே பதில்.

பார்சல் வந்தால் பிரிப்பதற்கு முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, அதில் அச்சிட்ட எடை, உங்கள் தராசில் காட்டும் எடை, பிரிப்பது, இதழின் முன்பின், நடுத்தாள், எல்லாம் வெட்டில்லாத ஒரே பதிவில் இருக்கட்டும். வராத பார்சலுக்கு "டெலிவரி ஆயிற்று" என்று டிராக்கிங் காட்டினால், உங்கள் ஊரிலேயே வேறு முகவரிக்கு வெற்று உறை போயிருக்கலாம். எந்த முகவரியில், எவ்வளவு எடையில் கொடுத்தார்கள் என்று கூரியரிடம் எழுத்தில் வாங்கிப் புகாரோடு இணையுங்கள். ஈபே விற்பனைத் தளத்தில் டெலிவரி நாளிலிருந்து 30 நாள், பேபாலில் பணம் கட்டியதிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. "இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், வேறு பிரதி அனுப்புகிறேன்" என்று விற்பவர் நாளைக் கடத்துவது இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான். அவரோடு பேசிக்கொண்டே இருங்கள், ஆனால் புகாரை அன்றே பதிவு செய்துவிடுங்கள். பணம் கணக்கில் திரும்ப ஏறும் வரை அந்தப் புகாரை நீங்களாக மூடாதீர்கள். மூடிய புகாரை மறுபடி திறக்க விடமாட்டார்கள்.