பெங்களூரு ரோட்டுக்கு 4.00-8 ஆட்டோ டயர்: எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது

ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ ஆட்டோ டயர் கேட்டால் பெரும்பாலான கடைகளில் வரும் முதல் கேள்வி “எந்தக் கம்பெனி வேணும்?” என்பதுதான். “முன்னாடிக்கா, பின்னாடிக்கா?” என்று கேட்கும் கடை கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள். எம்.ஆர்.எஃப்., சியட், ஜே.கே., டி.வி.எஸ். யூரோகிரிப் என்று பெரிய கம்பெனிகள் எல்லாமே 4.00-8 அளவில் டயர் தருகின்றன. இந்த ஊரில் டயர் சீக்கிரம் போவதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல வேண்டிய நேரம் குறைவு. காற்று பார்க்காமல் ஓட்டுவதும், அவசரத்தில் டியூப் மாட்டுவதும்தான் காசைத் தின்கின்றன.

4.00 என்பது டயரின் அகலம், 8 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவு சுமார் 1.3 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் போக இந்தச் சக்கரம் ஏறக்குறைய 770 தடவை சுற்றும். சாதாரண காரின் சக்கரத்துக்கு 550 சுற்று போதும். அதனால் சூடும் தேய்மானமும் இங்கே அதிகம். கார் மிதித்துக்கொண்டு போகிற குழியில் ஆட்டோ சக்கரம் உள்ளே இறங்கி ஏறும். இப்போது நகரம் முழுக்கப் போட்டுவரும் ஒயிட் டாப்பிங் (தார் மேல் கான்கிரீட் போட்ட) ரோட்டில் கான்கிரீட் முடிந்து தார் தொடங்கும் இடத்துப் படி இன்னும் மோசம். அந்த விளிம்பில் வேகமாக மோதினால் உள்ளே நைலான் இழை அறுந்து, சில நாளில் டயரின் பக்கவாட்டில் கட்டி மாதிரி வீங்கும். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது. அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

முன்சக்கரத்துக்கு ரிப் டயர், அதாவது நீளவாக்கில் கோடு ஓடும் டயர்தான் சரி. ஒற்றைச் சக்கரம் வண்டி முழுவதையும் திருப்புகிறது; மழை ரோட்டில் அது பக்கவாட்டில் வழுக்காமல் இருப்பதுதான் முதல் தேவை. பின்னாடிக்குப் பட்டன், அதாவது கட்டை கட்டையாக ரப்பர் மேடு உள்ள டயர்தான் சரி. கட்டைப் பட்டனை முன்னாடி போட்டால் ஹேண்டில் அதிரும். பட்டன் ஒவ்வொன்றும் ஒரு ஓரம் உயர்ந்து மறு ஓரம் தாழ்ந்து ரம்பப் பல் போலத் தேயும். மூன்றுக்கும் ஒரே பட்டன் என்று கடையில் கொடுத்தால் ரிப் கேட்டு வாங்குங்கள்.

பிளை விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஆறு பிளை என்றால் உள்ளே ஆறு அடுக்குத் துணி என்று அர்த்தமில்லை. அது டயர் தாங்கும் பலத்தின் குறியீடு. பாசஞ்சர் ஆட்டோவுக்கு அதற்குக் கீழே போக வேண்டாம். பக்கவாட்டில் 76 என்ற எண் இருந்தால் ஒரு டயர் 400 கிலோ வரை தாங்கும். கூடவே ஆங்கில ‘ஈ’ (E) எழுத்து இருந்தால் மணிக்கு 70 கி.மீ. வேகம் வரைக்கும் என்று பொருள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்துவிட்டே காசை எடுங்கள். 1425 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. மலிவாகத் தருகிறேன் என்று பழைய சரக்கைக் கொடுக்கும்போது இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் டயரில்தான் ஏமாற்று அதிகம். மொட்டையான டயரில் கத்தியால் புதிதாகக் கோடு வெட்டி, கறுப்புப் பாலிஷ் பூசி அடுக்கி வைத்திருப்பார்கள். தள்ளி நின்று பார்த்தால் புதுசு போலவே இருக்கும். கோட்டுக்குள் விரலை விட்டு ஓட்டிப் பாருங்கள். கம்பெனி அச்சில் வந்த பள்ளம் வழவழப்பாக, அடியில் லேசாக வளைந்திருக்கும். வெட்டிய பள்ளத்தில் ஓரம் கூராகத் தட்டும், ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அடியில் சில இடத்தில் நூல் தெரியும். நல்ல டயரின் பள்ளத்தில் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். அதற்கு நேரே பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. (TWI, தேய்மானம் காட்டும் குறி) என்று எழுதியிருக்கும். எழுத்து இருந்து மேடு இல்லையென்றால் அது வெட்டிய டயர். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டக்கூட இதை மாட்டாதீர்கள். நூல் வெளியே வந்த டயரில் மூன்று பேரை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது.

ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது, அவ்வளவு மோசமில்லை, ஆனால் பின்சக்கரத்துக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. வெட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி நூல் மக்கியிருந்தால் மேல் ரப்பர் தகடாக உரிந்துவரும். முன்சக்கரத்தில் அப்படி உரிந்தால் ஹேண்டில் கைக்கு நிற்காது.

மாட்டும் வேலைக்கு வருவோம். டியூப் போடும் ஆட்டோ ரிம் வழக்கமாக இரண்டு பாதியாக, நட்டு போட்டு இணைத்தது. ஹப்பில் சக்கரத்தைப் பிடிக்கும் நட்டு வேறு, ரிம் பாதிகளைப் பிடிக்கும் நட்டு வேறு. சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் வால்வ் பின்னை எடுத்து முழுக்கக் காற்றை விட்ட பிறகே ரிம் நட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். காற்று இருக்கும்போது பிரித்தால் பாதி ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். இதில் அவசரம் காட்டுகிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பிரித்தபின் ரிம் ஓரத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். துருதான் டியூபை அரிக்கும். டயருக்குள் கையை விட்டு ஆணி, முள் மிச்சம் இருக்கிறதா என்று தடவ வேண்டும். டியூபுக்கு டால்க் பவுடர் பூசி, உருண்டு நிற்கிற அளவுக்கு மட்டும் காற்று வைத்து, டயருக்குள் போட்டு, ரிம் பாதிகளைச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் டியூப் ரிம் நடுவே சிக்கும். சிக்கினால் அன்றைக்குத் தெரியாது. நாலு நாள் கழித்துக் காரணமே இல்லாமல் பஞ்சர் ஆகும். நட்டை எதிரெதிராக முறுக்கி, கொஞ்சம் காற்று ஏற்றி, டயர் ஓரத்துக் கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, ஒரு தடவை காற்றை இறக்கி மறுபடி ஏற்றினால் டியூப் மடிப்பில்லாமல் உட்காரும். புது டயருக்குப் புது டியூபே போடுங்கள். நீண்டுபோன பழைய டியூப் மடிந்து, மடிப்பிலேயே வெடிக்கும்.

டியூப்லெஸ் கேட்பவர்கள் உண்டு. பாதி ரிம் இணைப்பில் காற்று கசியும், அதனால் இந்த ரிம்மில் அது நடக்காது. டியூபில் ஊற்றும் ஜெல் பட்டன் பக்கம் குத்திய சின்ன ஆணிக்கு உதவும். சிக்கிய டியூபுக்கும் வால்வ் அடியில் கிழிந்ததற்கும் பயனில்லை. பிறகு பஞ்சர் ஒட்டவும் ஜெல் விடாது.

“மூணுக்கும் ஒரே காத்து வை” என்பது ஸ்டாண்டில் வழக்கமாகக் கேட்கிற பேச்சு. அது தப்பு. முன்னாடி குறைவு, பின்னாடி அதிகம். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை, காலையில் முதல் சவாரிக்கு முன், சொந்த கேஜில் பாருங்கள். எல்.பி.ஜி. பங்க் வரிசையில் நிற்கும்போது பார்த்தால் டயர் சூடாக இருக்கும். அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். காற்று குறைந்தால் டயர் ரிம்மில் நகர்ந்து வால்வ் சாயும். சாய்ந்த வால்வைக் கண்டால் அன்றே பிரித்துச் சரி செய்யுங்கள்; விட்டால் அடியோடு கிழியும்.

தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி மெக்கானிக் வேலை முடிந்தது. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் அதிகம். பின்சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ்ஷையும் ஆர்ம் வளைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னாடி அப்படித் தேய்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்), வீல் பேரிங் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. ஒரு பின்சக்கரம் மட்டும் தொட்டால் சுடுகிறதென்றால் பிரேக் விடாமல் பிடிக்கிறது. இதையெல்லாம் சரி செய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அதே மாதிரி தேயும்.

ஸ்டெப்னியில் தேதி பார்ப்பவர்கள் குறைவு. ஓடாத டயரும் வயதாகி வெடிப்பு விடும். பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு விரிந்தால் அது பஞ்சர் கடை வரைக்கும்தான் உதவும். சவாரி ஏற்றிக்கொண்டு அதில் ஓடாதீர்கள்.