முதியோர், பராமரிப்பாளர் கவுன்சலிங்: மூன்று வருடம் போய்வந்த அனுபவம்

அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் கழித்துத்தான் குறைந்த கட்டணத்தில் கவுன்சலிங் தரும் சமூக மையம் ஒன்றில் பெயர் பதிந்தேன். முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மேலும் பதினொரு வாரம். இந்த மாதிரி இடங்களில் வெயிட்டிங் லிஸ்ட் இருக்கத்தான் செய்யும். அதனால் தலைக்கு மேல் வெள்ளம் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த 'ஐசப்போர்ட்' என்ற ஆன்லைன் பயிற்சி, டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவே உருவானது. காத்திருந்த நாட்களில் எனக்கு அதுதான் துணை.

கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. சம்பளச் சீட்டோடு மருந்துச் செலவுக் கணக்கையும் கொண்டு போனேன், அதையும் கழித்தே தொகையைச் சொன்னார்கள். கவுன்சலர் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் சீனியர் ஒருவரின் மேற்பார்வையில் கவுன்சலிங் செய்வதால் மையத்துக்கு இது கட்டுபடியாகிறது. திறமையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சி முடிந்ததும் போய்விடுகிறார்கள். மூன்று வருடத்தில் மூன்று பேர்! இரண்டாவது ஆளிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அழுதுவிட்டு வந்த அன்றே, அம்மாவின் கதையை ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றாமவர் வந்தபோது தாளை நீட்டியதோடு சரி.

முதல் நாளே 22 கேள்விகள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1980-இல் 29 கேள்விகளோடு வெளியிட்ட பராமரிப்புச் சுமை அளவுகோலின் பின்னாளில் சுருங்கிய வடிவம் அது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. இவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று ஒரு கேள்வி. பேனா அங்கேயே நின்றுவிட்டது. 'எப்போதாவது' என்பதில் டிக் அடித்தேன், பிறகு அதை அழித்துவிட்டு 'அடிக்கடி' என்று மாற்றினேன். மொத்தம் 63. அம்மாவுக்காகப் போன இடத்தில் நான்தான் பேஷன்ட் என்று அப்போது புரிந்தது.

பேச்சால் என்ன பயன் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாயங்காலமானால் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகலாமா?" என்பார். "இதுதாம்மா நம்ம வீடு" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறும். எனக்கும்தான். திருத்தாதீர்கள், அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள் என்றார் கவுன்சலர். மறுநாள் கேட்டேன், "அங்க யாரும்மா இருக்காங்க?" தன் அம்மா காத்திருப்பார் என்றார். பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பை மட்டும் மடியிலேயே இருந்தது. எல்லா நாளும் இது பலிக்கவில்லை, பலித்த நாட்களில் ராத்திரி தூங்கினோம்.

ஆனாலும் ஒரு வருடத்தில் 63 என்பது 44-க்கு இறங்கியதற்கு முக்கியக் காரணம் பேச்சு இல்லை என்றே நினைக்கிறேன். அதே மையம் வாரத்தில் இரண்டு மதியம் அம்மாவைப் பகல்நேரப் பராமரிப்பில் பார்த்துக்கொண்டது. முதல் மாதம் முழுக்க அந்த நேரத்தில் நான் வெறுமனே தூங்கினேன். குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது, அதைப் பேசித் தீர்க்கத்தான் கவுன்சலிங் வேண்டியிருந்தது. எங்கே சேர்ந்தாலும் இந்த வசதி உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

பராமரிப்பாளர் குழு கூடுவது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நோயாளியை யாரிடம் விட்டுவிட்டு வருவது? எத்தனை முறை சொல்லியும் மாற்றவில்லை. போக முடிந்த சில நாட்களில் ஒருநாள், பாலீன் பாஸ் என்பவர் விளக்கிய ஒரு வகை இழப்பைப் பற்றிப் பேசினார்கள். ஆள் கண்ணெதிரே இருப்பார், நமக்குத் தெரிந்த அவர் இருக்க மாட்டார். துக்கம் கேட்கவும் யாரும் வர மாட்டார்கள். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் அண்ணன் வீடியோ காலில் அதைக் கேட்ட பிறகுதான் "நீ சும்மா பயப்படுற" என்று சொல்வதை நிறுத்தினான்.

அடுத்த மாதம் மறுபடியும் கவுன்சலர் மாறுகிறார். அந்த ஒரு பக்கத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போகலாமா என்று அம்மா இப்போது கேட்பதில்லை. அந்த வரியை அடிக்க வேண்டும்.