பழைய வண்ணாரப்பேட்டை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: ஒரு மாதம் போன பிறகு

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். நாள் முழுக்க என் வாயில் புழங்கும் இங்கிலீஷ் 'செட்' ஒன்றுதான். சுடிதார் செட், பெட்ஷீட் செட், "அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு நல்லா செட் ஆகும்."

கடைக்குப் பின்தெரு மாடியில் வகுப்பு. மாதம் 1,200 ரூபாய். மூன்றாம் நாள் மிஸ் போர்டில் 'செட்' என்று எழுதி, தெரிந்ததைச் சொல்லச் சொன்னார். காசிமேட்டுப் பையன் கேரம் செட் என்றான். செட் தோசை, பல் செட், பம்ப்செட் எல்லாம் வந்தன. அப்புறம் மிஸ் ஆரம்பித்தார். சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட், அலாரம் வைத்தாலும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்தாலும் செட். நேற்று நடந்ததற்கும் அதே செட்தான், மாறாது. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதி. அதில் மிக நீளமான பதிவே இந்த மூன்றெழுத்து வினைச்சொல்தானாம். 430 பொருளுக்கு மேல்!

நான் சொல்லும் 'செட் ஆகும்' மட்டும் அதில் சேராதாம். இங்கிலீஷில் அதற்கு 'சூட்' என்று சொல்ல வேண்டுமாம். சரி, ஆனால் கடையில் நான் அதை விடப்போவதில்லை.

குறை என்றால், இருபது பேருக்கு ஒரே ஃபேன். ஜெராக்ஸ் தாளில் பாதி எழுத்து தெரிவதில்லை. மாடிப்படியில் விளக்கு கிடையாது, போனில் டார்ச் போட்டுக்கொண்டு ஏறுங்கள். அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன்.